பணம் கண்ணில் தெரிகிறது, கைக்கு வரவில்லை

பல பிளாக்செயின் கட்டமைப்புகளுக்கு இடையே திண்டாடும் பயனாளர்கள். சுமையைக் குறைக்க நடக்கும் முயற்சிகள்

“மாமா, பணம் அங்கதான் இருக்கு. கண்ணால பாக்குறேன். ஆனா எடுக்க முடியல.”

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, தேக்கா உணவங்காடி நிலையத்தில் தோசைக்குக் காத்திருந்தபோது, என் அக்காள் மகள் இப்படிச் சொல்லித் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

அவள் வீட்டிலிருந்தே அசைவூட்டப் படங்கள் செய்துகொடுக்கும் சுயதொழில்காரி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மூன்று வாரம் கண்விழித்துச் செய்த வேலைக்கு 1,150 அமெரிக்க டாலர் ஊதியம். வங்கி வழி அனுப்பினால் கட்டணம் அதிகம், நாளும் பிடிக்கும் என்று சொன்ன அவர், ‘யுஎஸ்டிடி’ எனும் மின்னிலக்க நாணயத்தில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இவளும் தான் கணக்கு வைத்திருந்த பரிமாற்றத் தளத்திலிருந்து ஒரு முகவரியை நகலெடுத்து அனுப்பினாள். பகுதிநேரப் பட்டயப் படிப்புக்குக் கட்டவேண்டிய பணம் அது.

அனுப்பியவரின் திரையில் ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று வந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டிலும், அவளுடைய முகவரிக்கு 1,150 வந்து சேர்ந்ததாகவே பதிவு இருந்தது. அவள் கணக்கில் மட்டும் சுழியம்.

நடந்தது இதுதான். அவள் நகலெடுத்தது எத்திரியம் கட்டமைப்புக்கான முகவரி. கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர் பாலிகன் என்ற இன்னொரு கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டார். பாலிகன் வழி வரும் யுஎஸ்டிடியை அந்தப் பரிமாற்றத் தளம் ஏற்பதில்லை. இரண்டு கட்டமைப்புகளிலும் முகவரியின் வடிவம் ஒன்றே என்பதால் எந்தத் திரையும் சிவப்பு விளக்கைக் காட்டவில்லை.

“நீ கவனமா இருந்திருக்கணும்” என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இது அவளுடைய கவனக்குறைவா, அல்லது கவனிக்க வேண்டிய வேலையை எல்லாம் பயனாளர் தலையில் கட்டிவிட்ட ஏற்பாட்டின் குறையா?

<b>ஒரே பெயர், பல பேரேடுகள்</b>

பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. நம் செட்டியார் கடைகளில் இருந்த பேரேடு போலவே யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்று எழுதிவைக்கும் புத்தகம். அதன் நகலை உலகெங்கும் உள்ள பல கணினிகள் வைத்திருப்பதால் யாரும் தனியாக உட்கார்ந்து திருத்தி எழுத முடியாது.

2009ல் பிட்காயினுக்காக முதல் பேரேடு தொடங்கியது. 2015ல் எத்திரியம் வந்தது. எத்திரியத்தின் மீது வேறு நாணயங்களையும் செயலிகளையும் உருவாக்க முடிந்ததால் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் நெரிசல். 2021ஆம் ஆண்டில், ஒரு சாதாரணப் பணமாற்றத்துக்கே சில நேரங்களில் பத்து, இருபது டாலருக்கு மேல் கட்டணம் கட்டவேண்டி வந்தது.

ஆகவே மக்கள் மலிவான இடங்களைத் தேடினர். டிரான், பிஎன்பி செயின், பாலிகன், சொலானா, அவலாஞ்ச் என்று தனித்தனிக் கட்டமைப்புகள் வளர்ந்தன. எத்திரியத்தின் மேல்தளமாக ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்றவை எழுந்தன. 2024 மார்ச் 13ஆம் தேதி எத்திரியத்தில் செய்யப்பட்ட ‘டென்கன்’ மேம்பாட்டுக்குப் பிறகு இந்த மேல்தளங்களில் கட்டணம் வெகுவாக இறங்கியது. கட்டணம் குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு புத்தகம் இருந்த இடத்தில் பல புத்தகங்கள் வந்துவிட்டன.

யுஎஸ்டிடி என்பது ஓர் அமெரிக்க டாலருக்குச் சமமாக மதிப்பு நிற்கும்படி உருவாக்கப்பட்ட ‘ஸ்டேபிள்காயின்’. அது இந்தக் கட்டமைப்புகள் பலவற்றிலும் புழங்குகிறது. பெயர் ஒன்று, மதிப்பும் ஏறக்குறைய ஒன்று, பேரேடு மட்டும் வேறு. ஒரு புத்தகத்தில் எழுதிய வரவு இன்னொரு புத்தகத்துக்குத் தெரியாது.

<b>சாலைப் பெயர் இல்லாத முகவரி</b>

நம் வீவக புளோக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒரே புளோக் எண் இரண்டு, மூன்று பேட்டைகளில் இருக்கும். சாலைப் பெயரோ அஞ்சல் குறியீடோ இல்லாமல் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் பொட்டலம் எந்தப் பேட்டைக்குப் போகும்?

எத்திரியத்தின் முகவரி ‘சுழியம், எக்ஸ்’ என்று தொடங்கும் 42 எழுத்துகள் கொண்டது. பாலிகன், பிஎன்பி செயின், ஆர்பிட்ரம், பேஸ் எல்லாமே எத்திரியத்தின் அமைப்பைப் பின்பற்றியவை என்பதால் அதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. டிரான் முகவரி ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும், நீளமும் வேறு. அதனால் டிரானுக்குப் பதிலாக எத்திரியம் முகவரியைக் கொடுத்தால் செயலியே ஏற்க மறுத்துவிடும். ஆபத்து, ஒரே வடிவம் கொண்ட கட்டமைப்புகளுக்கு இடையேதான்.

இது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். 2022ல் ஆப்டிமிசம் அறக்கட்டளை, விண்டர்மியூட் என்ற வர்த்தக நிறுவனத்துக்கு 20 மில்லியன் ‘ஓபி’ நாணயங்களை அனுப்பியது. இரண்டு தரப்புமே இந்தத் துறையில் ஊறியவை. முதலில் இரண்டு முறை சோதனைத் தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் முழுத் தொகையும் போனது.

ஆனால் விண்டர்மியூட் கொடுத்த முகவரி, எத்திரியத்தில் அது வைத்திருந்த கூட்டுப் பணப்பையின் முகவரி. ஆப்டிமிசம் கட்டமைப்பில் அந்த முகவரியில் பணப்பை இன்னும் உருவாக்கப்படவே இல்லை. சாலை தெரியாமல் கட்டப்படாத வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கதை. அதைச் சரிசெய்யும் முன்பே வெளியாள் ஒருவர் அந்த முகவரியில் தாமே பணப்பையை உருவாக்கி நாணயங்களை எடுத்துக்கொண்டார். பின்னர் 17 மில்லியனைத் திருப்பிக் கொடுத்தார்.

என் அக்காள் மகள் சொன்னதுதான் அங்கும் நடந்தது. சோதனைத் தொகை வந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அதை எடுக்க முடிகிறதா என்று பார்க்கவில்லை.

<b>பணம் அனுப்பத் தனிப் பணம்</b>

முகவரி சரியாக இருந்தாலும் அடுத்த தடை காத்திருக்கும். பெரும்பாலான கட்டமைப்புகள் தம் கட்டணத்தைக் குறிப்பிட்ட ஒரு நாணயத்தில்தான் வாங்கும். எத்திரியத்தில் ஈத்தர், டிரானில் டிஆர்எக்ஸ், சொலானாவில் சொல், பாலிகனில் பிஓஎல்.

கையில் 500 யுஎஸ்டிடி வைத்திருப்பவர் அதிலிருந்து ஐந்தை நண்பருக்கு அனுப்ப நினைக்கிறார். பணப்பையில் அந்தக் கட்டமைப்பின் நாணயம் கொஞ்சமும் இல்லாவிட்டால் அந்த ஐந்தை அசைக்க முடியாது. பர்ஸில் நூறு வெள்ளி இருந்தும், பேருந்துக்கட்டணத்தை வேறொரு நாட்டுச் சில்லறையில்தான் கட்டவேண்டும் என்று ஓட்டுநர் சொல்வது போன்ற நிலை. அந்தச் சில்லறையை வாங்க இன்னொரு கணக்கு, இன்னொரு காத்திருப்பு, இன்னொரு கட்டணம்.

<b>பாலங்களில் நடந்த கொள்ளை</b>

ஒரு கட்டமைப்பில் உள்ள நாணயத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக ‘பாலங்கள்’ உருவாக்கப்பட்டன. பெரும்பாலான பாலங்கள் வேலைசெய்யும் விதம் எளிது. இந்தக் கரையில் உங்கள் நாணயத்தை வாங்கிப் பூட்டிவைக்கும். அந்தக் கரையில் அதே மதிப்புக்கு ஒரு பிரதிநிதி நாணயத்தைக் கொடுக்கும். திரும்பி வரும்போது பிரதிநிதியைக் கொடுத்தால் அசல் கிடைக்கும்.

அப்படியென்றால் பூட்டிவைத்த அசல்கள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். திருடர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வியட்னாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ விளையாட்டு நம் வட்டாரத்தில் பலருக்கு நினைவிருக்கும். பிலிப்பீன்சில் அதை விளையாடியே குடும்பச் செலவைச் சமாளித்தவர்கள் இருந்தனர். அந்த விளையாட்டின் கட்டமைப்பு ‘ரோனின்’. அதையும் எத்திரியத்தையும் இணைத்த பாலத்துக்கு ஒன்பது காவலர்கள். ஐவரின் சாவி இருந்தால் கதவு திறக்கும். 2022 மார்ச் 23ஆம் தேதி ஐந்து சாவிகளையும் கைப்பற்றிய ஊடுருவிகள் 173,600 ஈத்தரையும் 25.5 மில்லியன் யுஎஸ்டிசி நாணயத்தையும் எடுத்துச் சென்றனர். மதிப்பு 600 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல்.

திருட்டு தெரியவந்தது ஆறு நாள் கழித்து. பயனாளர் ஒருவர் 5,000 ஈத்தரை எடுக்க முயன்று முடியாமல் புகார் செய்த பிறகுதான் நிறுவனமே கவனித்தது. வடகொரியாவுடன் தொடர்புடைய ‘லாசரஸ்’ குழுவே இதைச் செய்தது என அமெரிக்காவின் எஃப்பிஐ பின்னர் அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ‘வோர்ம்ஹோல்’, ஆகஸ்டில் ‘நோமேட்’ ஆகிய பாலங்களும் கொள்ளை போயின.

பாலத்தைக் கடந்த சாதாரணப் பயனாளருக்கு ஒன்பது காவலர்களைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? அவர் பார்த்தது ஒரு பொத்தானை மட்டும்தான்.

<b>சுமையை இறக்கும் முயற்சிகள்</b>

கட்டமைப்புகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை. ஆகவே அவை பலவாக இருக்கட்டும், பயனாளருக்கு மட்டும் ஒன்றாகத் தெரியட்டும் என்பதே இப்போதைய போக்கு. நான்கு வகை முயற்சிகளைச் சொல்லலாம்.

முதலாவது, முகவரி. ‘இஆர்சி-3770’ என்ற முன்மொழிவு, முகவரிக்கு முன்னால் கட்டமைப்பின் சுருக்கப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. புளோக் எண்ணுடன் சாலைப் பெயரையும் எழுதுவது போல. என் அக்காள் மகள் கொடுத்த முகவரியிலேயே கட்டமைப்பின் பெயர் ஒட்டியிருந்து, அனுப்பும் செயலியும் அதைப் படித்திருந்தால், பணம் தவறான இடத்துக்குப் புறப்பட்டிருக்காது. இத்தனை எளிய யோசனை இன்னும் எல்லாச் செயலிகளிலும் பழக்கத்துக்கு வரவில்லை.

இரண்டாவது, கட்டணம். 2023 மார்ச்சில் எத்திரியத்தில் புழக்கத்துக்கு வந்த ‘இஆர்சி-4337’ என்ற ஏற்பாட்டில், பயனாளருக்காக வேறொருவர் கட்டணத்தைக் கட்டலாம். அல்லது கையில் இருக்கும் யுஎஸ்டிசி போன்ற நாணயத்திலேயே கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். 2025 மே 7ஆம் தேதி வந்த ‘பெக்ட்ரா’ மேம்பாடு, பழைய சாதாரணப் பணப்பைகளுக்கும் இந்த வசதியைத் திறந்துவிட்டது.

மூன்றாவது, பாலம். யுஎஸ்டிசி நாணயத்தை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023 ஏப்ரலில் ஒரு மாற்று வழியைத் தொடங்கியது. இந்தக் கரையில் நாணயத்தைப் பூட்டிவைப்பதற்குப் பதிலாக அழித்துவிடுகிறது. அந்தக் கரையில் அதே அளவு அசல் நாணயத்தைப் புதிதாக வெளியிடுகிறது. குவித்துவைத்த பெட்டகம் இல்லாததால் கொள்ளையடிக்கவும் பெட்டகம் இல்லை. ஆனால் அந்த ஒரு நிறுவனத்தை நம்பித்தான் ஆகவேண்டும்.

நான்காவது, வேண்டுகோள் முறை. ‘எனக்கு ஆர்பிட்ரமில் 100 யுஎஸ்டிசி வேண்டும், என்னிடம் இருப்பது பேஸில்’ என்று பயனாளர் சொன்னால் போதும். இடைத்தரகர்கள் போட்டி போட்டுத் தம் கைப்பணத்திலிருந்து அதை உடனே கொடுத்துவிட்டு, பிறகு மறுபக்கத்தில் வசூலித்துக்கொள்வர். எந்த வழி, எந்தப் பாலம் என்ற தலைவலி அவர்களுடையது. இத்தகைய வேண்டுகோள்களை எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி எழுதுவதற்காக ‘இஆர்சி-7683’ என்ற பொது வடிவம் 2024ல் முன்மொழியப்பட்டது.

<b>நாம் கண்ட வழி</b>

இந்தக் கதை சிங்கப்பூரருக்குப் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையின் கல்லாவுக்கு முன்னால் எத்தனை கியூஆர் ஒட்டுவில்லைகள்! எது எந்தச் செயலிக்கு என்று கடைக்காரருக்கே குழப்பம். 2018 செப்டம்பரில் ‘எஸ்ஜிகியூஆர்’ வந்து அவற்றை ஒரே வில்லையாக்கியது. பின்னால் இருந்த நிறுவனங்கள் பலவாகவே இருந்தன. முன்னால் நின்றவருக்கு ஒன்றானது.

2023 பிப்ரவரி 21ஆம் தேதி நம் ‘பேநவ்’ இந்தியாவின் ‘யுபிஐ’யுடன் இணைக்கப்பட்டது. திருச்சியில் இருக்கும் பாட்டிக்குப் பணம் அனுப்பும் என் அக்காளுக்கு, நடுவில் எந்தக் கட்டமைப்பு எதனுடன் பேசுகிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பொத்தானை அழுத்தும் முன் பெறுநரின் பெயர் திரையில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

பிளாக்செயினிலும் சிங்கப்பூர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2019ல் சிங்கப்பூர் நாணய ஆணையமும் கனடாவின் மத்திய வங்கியும் வெவ்வேறு தொழில்நுட்பத்தில் இயங்கிய இரண்டு பேரேடுகளுக்கு இடையே பணத்தை மாற்றிக் காட்டின. கனடாவின் பக்கம் ‘கார்டா’, நம் பக்கம் ‘குவோரம்’. இரண்டு பேரேடுகளிலும் பணத்தை ஒரே சாவிக்குத் திறக்கும் பூட்டுகளால் பூட்டினார்கள். ஒருவர் தமக்குரியதை எடுக்கச் சாவியைப் பயன்படுத்தினால், அந்தச் சாவி மற்றவருக்கும் தெரிந்துவிடும், அவரும் எடுத்துக்கொள்வார். குறித்த நேரத்துக்குள் நடக்காவிட்டால் இருவர் பணமும் அவரவரிடமே திரும்பிவிடும். பணம் ‘நடுவில்’ தொங்குவதற்கு இடமே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி ஏற்பாடு. வேலை கெட்டால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

<b>எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது</b>

கட்டமைப்பின் பெயர், கட்டண நாணயம், எழுத்துச் சங்கிலி போன்ற முகவரி ஆகியவற்றைத் திரைக்குப் பின்னால் தள்ளுவது நல்லது. ஆனால் அவற்றோடு சேர்த்து வேறு சிலவற்றையும் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. என் பணம் இந்த நிமிடம் யார் கையில்? நான் வைத்திருப்பது அசல் நாணயமா, பாலம் கொடுத்த பிரதிநிதியா? வழியில் சிக்கினால் யார் பொறுப்பு? எத்தனை நாளில் திரும்பும்? ரோனின் பாலத்திலும் பொத்தான் எளிதாகத்தான் இருந்தது. எளிமையான பொத்தானுக்குப் பின்னால் ஒன்பது காவலர்கள் மட்டுமே நின்றதுதான் சொல்லப்படாமல் போனது.

பேநவ் எளிதாக இருப்பதற்குக் காரணம் அதன் செயலி மட்டுமல்ல. பின்னால் வங்கி இருக்கிறது. வங்கிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. மின்னிலக்க நாணய வர்த்தகம் பொதுமக்களுக்கு ஏற்றதல்ல என்று நாணய ஆணையம் தொடர்ந்து எச்சரித்துவருகிறது. பொது இடங்களில் அதை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2022 ஜனவரியில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அது அறிவித்த ஸ்டேபிள்காயின் விதிமுறைகளின்படி, அதற்கு உட்படும் நாணயத்தை வெளியிடுபவர், கேட்டவருக்கு ஐந்து வேலை நாள்களுக்குள் முழு மதிப்பையும் திருப்பித் தரவேண்டும். இதுபோன்ற ஒரு வாக்குறுதி திரையில் தெரிந்தால், பயனாளர் அனுபவம் என்பது அதுதான்.

<b>அனுப்பும் முன், வாங்கும் முன்</b>

தொழில்நுட்பம் திருந்தும்வரை, இவற்றைப் பயன்படுத்தியே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

• முகவரியைத் தனியாகக் கொடுக்காதீர்கள். நாணயத்தின் பெயர், கட்டமைப்பின் பெயர், முகவரி மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள்.

• பரிமாற்றத் தளத்தின் கணக்குக்கு வாங்கினால், அந்தக் கட்டமைப்பில் அந்த நாணயத்தை அது ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• சிறு தொகையை முதலில் வாங்குங்கள். அது வந்ததைப் பார்த்தால் போதாது. எடுத்து வேறிடத்துக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

• பணம் தவறான கட்டமைப்புக்குப் போனால் பதறாதீர்கள். சாவி உங்களிடமே உள்ள பணப்பை என்றால் அந்தக் கட்டமைப்பைச் செயலியில் சேர்த்துப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். பரிமாற்றத் தளத்தின் முகவரி என்றால் சாவி அவர்களிடம். அதிகாரபூர்வ உதவிப் பக்கம் வழியாக மட்டும் எழுதுங்கள்.

• ‘மீட்டுத் தருகிறேன்’ என்று தாமாகத் தொடர்புகொள்பவரிடம் ரகசியச் சொற்றொடரைச் சொல்லாதீர்கள். இரண்டாவது திருட்டு அங்கேதான் நடக்கிறது.

என் அக்காள் மகளுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஏழு வாரம் ஆனது. மீட்புக் கட்டணம் என்று ஒரு பகுதியும் போனது. அதற்குள் படிப்புக் கட்டணத்துக்குத் தவணை முடிந்துவிட்டதால், அடுத்த பருவத்தில்தான் சேர்ந்தாள்.

இப்போது அவளுடைய விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘எத்திரியம் கட்டமைப்பு வழியாக மட்டும் அனுப்பவும், முதலில் 5 டாலர் அனுப்பி, என் பதில் வரும்வரை காத்திருக்கவும்.’

“இந்த வரிய நான் எழுத வேண்டியிருக்கே, மாமா. அந்த ஆப் எழுத வேண்டாமா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான்.